பேகத்துக்குப் பார்த்த மாப்பிள்ளை

திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவில் நின்று கமாலுதீன் வீடு எது என்று கேட்டால், எந்தக் கமாலுதீன் என்று திருப்பிக் கேட்பார்கள். மாப்பிள்ளை பாய் வீடு என்று கேட்டால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். அறுபதை நெருங்குகிற மனிதருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதையும் இறக்கிவிடுகிறவரே வழியில் சொல்லிவிடுவார். ஊரில் மனிதர்களுக்கு வரன் பார்க்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மாடுகளுக்கு வரன் பார்க்கிறவர் கமாலுதீன் ஒருவர்தான்.

அவருடைய குடும்பத்தில் அதற்கு முன்னால் யாரும் மாடு வளர்த்ததில்லை. பாட்டனார் பினாங்குக்குக் கப்பலில் போய் வந்தவர். வாப்பா காரைக்காலில் துணிக்கடை வைத்திருந்தார். கமாலுதீன் இளவயதில் ஓட்டுநர் வேலைக்கு என்று சவுதிக்குப் போனார். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, ஓட்ட வேண்டியது தண்ணீர் லாரி, அதை ஓட்டிக்கொண்டு போக வேண்டியது பாலைவனத்தின் நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் மாடுகளாக நிற்கும் ஒரு பால்பண்ணைக்கு என்று. ஊருக்குப் போன் செய்து, பால் கம்பெனியில் வேலை என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி மெஹர் பானு அதை நம்பி, குளிரூட்டிய அறையில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணவரை மனதில் வரைந்து, அந்தப் படத்தைச் சொந்தக்காரர்களிடமும் பல வருஷம் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு யாரோ அனுப்பிய ஒரு போட்டோவில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் தோள்பட்டைவரை பிளாஸ்டிக் உறையுமாகக் கமாலுதீன் ஒரு மாட்டின் பின்னால் நின்று சிரித்தார்.

“டை எங்கங்க?” என்று மட்டும் மெஹர் பானு போனில் கேட்டார்.

லாரி ஓட்டப் போனவர் மாட்டின் பின்னால் போய் நின்றதற்கு ஒரு விடுப்புதான் காரணம். கன்று ஈனும் கொட்டகையில் வேலை பார்த்த ஒருவர் ஊருக்குப் போயிருந்த நேரம். கயிற்றைப் பிடித்து இழுக்க ஆள் வேண்டும் என்று அந்த வழியாகப் போன கமாலுதீனைக் கூப்பிட்டார்கள். கன்று வெளியே வந்து விழுந்தது. கூடவே கமாலுதீனும் மயங்கி விழுந்தார். கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு நெற்றியில் தையல். ஆனால் மறுநாள் யாரும் கூப்பிடாமலேயே அங்கே போய் நின்றார். லாரியை வேறு ஒருவர் ஓட்டிக்கொண்டார்.

அந்தக் கொட்டகையில் அவர் ஒன்றைக் கவனித்தார். சில நாட்களில் கன்றுகள் வழுக்கிக்கொண்டு வந்து விழும். சில நாட்களில் தாயும் ஆட்களும் சேர்ந்து போராட வேண்டியிருக்கும். ஏன் என்று சூடான்காரரான மேஸ்திரியைக் கேட்டார். காளையைப் பொறுத்தது என்றார் அவர். ஒவ்வொரு காளைக்கும் ஒரு எண் உண்டு. அதன் கன்றுகள் பிறக்கும்போது நூற்றுக்கு எத்தனை கஷ்டப்படும் என்பதை அந்த எண் சொல்லும். கிடேரிகளுக்கு, அதாவது முதல் கன்றுக்குக் காத்திருக்கும் இளம் பசுக்களுக்கு, எண் குறைவாக உள்ள காளையாகப் பார்த்து, அதன் விந்தைச் சினை ஊசியாகப் போடுவார்கள். இதைக் கேட்டதும் கமாலுதீனுக்கு உலகமே புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தக் காளையின் படத்தைப் பார்த்தாலும் கொம்பையோ திமிலையோ பார்ப்பதில்லை. எண்ணைத்தான் தேடுவார்.

வயதாகி ஊர் திரும்பியவர் எல்லோரையும் போல வீட்டுக்கு மாடி கட்டவில்லை. கீழவாஞ்சூர் போகும் சாலையோரம் கிடந்த குடும்ப மனையில் கொட்டகை போட்டு, கறுப்பும் வெள்ளையுமான ஒரு கலப்பினப் பசுவை வாங்கி நிறுத்தினார். துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரிகள் போகிற சாலை அது. ஒரு வாரத்தில் பசுவின் வெள்ளைப் பகுதி சாம்பல் நிறமாகிவிட்டது. கமாலுதீன் தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். மின்விசிறி மாட்டினார். மெஹர் பானு வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். அவருக்கு மாடென்றால் பயம்.

“எனக்கு ஒரு நாளாவது இப்படி முதுகு தேய்ச்சு விட்டிருக்கீங்களா? பேகம் சாகிபாவுக்கு ஒரு குறையும் வச்சிராதீங்க” என்றார். அன்றிலிருந்து பசுவுக்குப் பேகம் என்று பெயர்.

பேகத்துக்கு மாப்பிள்ளை தேடும் படலம் அரசுக் கால்நடை மருந்தகத்தில் தொடங்கியது. அங்கே மருத்துவர் தாமரைச்செல்வி. வேலைக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பேசும்போதே ஒரு கையால் ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுகிற சுறுசுறுப்பு. சினை ஊசி போட அவர் காளையின் விந்தை உறையவைத்த குழலை எடுத்தபோது கமாலுதீன் குறுக்கே கையை நீட்டினார்.

“டாக்டரம்மா, இது எந்தக் காளை?”

“எச்.எஃப் பாய்.”

“எச்.எஃப்ன்னா சாதி. நான் ஆளக் கேக்குறேன். பேரு என்ன, எந்தப் பண்ணை, அதோட கன்னு பொறக்கையில கஷ்டம் உண்டா இல்லையா?”

தாமரைச்செல்வி குழலைத் திரும்ப வைத்துவிட்டு அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். “பாய், இத்தனை வருஷத்துல என்கிட்ட இந்தக் கேள்வியக் கேட்ட மொத ஆளு நீங்கதான். சந்தோஷமாவும் இருக்கு, பயமாவும் இருக்கு. கேட்டுச் சொல்றேன்.”

கேட்டும் சொன்னார். கிடைக்கிற காளைகளில் எண் குறைவானது எது என்று பார்த்து, அதன் குழலை வரவழைத்தார்கள். ஊசியும் போட்டாயிற்று. சினை நிற்கவில்லை. மறுபடி போட்டார்கள். மறுபடியும் நிற்கவில்லை. கமாலுதீன் பேகத்தின் பரம்பரையைச் சந்தேகிக்க ஆரம்பித்தார். விற்றவரைத் தேடிப் போய், இதன் தாய் ஒழுங்காகச் சினை பிடித்ததா, பாட்டி பிடித்ததா என்று விசாரித்தார். விற்றவர், மாட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

“பாய், கன்னு லேசாப் பொறக்குறதுல காளைக்குப் பங்கு உண்டு. ஆனா சினை பிடிக்கிறது, பிடிக்காததெல்லாம் நூத்துக்கு அஞ்சு பங்குகூட ரத்தத்துல வரல” என்றார் தாமரைச்செல்வி. “ஆயிரக்கணக்குல மாடு வச்சிருக்கிறவங்களுக்கு, தலைமுறை தலைமுறையாச் சேத்துப் பாத்தா அந்த அஞ்சு பங்கே பெரிசு. ஒத்த மாடு வச்சிருக்கிற உங்களுக்கு மீதிதான் முக்கியம்.”

“மீதி என்னாங்க?”

“தீவனம், தாது உப்பு, வெயில், அப்புறம் நீங்க.”

“நானா?”

“பருவத்துக்கு வந்தத நீங்க எப்பப் பாத்து எப்ப எனக்குப் போன் பண்றீங்கங்கிறது. ஒரு நாளுக்குள்ள முடிஞ்சு போற சமாசாரம் பாய் அது.”

கமாலுதீன் கோபித்துக்கொண்டார். பாலைவனத்தில் அத்தனை மாடுகளைப் பார்த்தவனுக்கு ஒரு மாட்டின் பருவம் தெரியாதா என்றார். உண்மையில் பருவம் வந்த நாளில் பேகம் காலையில் கத்த ஆரம்பிக்கும்போது கமாலுதீன் ஹமீதின் டீக்கடையில் காளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். மதியம் அது கத்தும்போது சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். சாயங்காலம் அவர் கொட்டகைக்கு வரும்போது அது அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருக்கும். என்ன ஒழுங்கான மாடு என்று தடவிக்கொடுப்பார்.

இதைக் கண்டுபிடித்தது மெஹர் பானு. கண்டுபிடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசையில்லை. மாட்டின் சத்தத்தில் டிவியில் பேசுவது கேட்கவில்லை என்று வேலிவரை போய்ப் பார்த்தவர், வந்து கணவரின் போர்வையை இழுத்தார். “உங்க பேகம் காலையிலேருந்து யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. உங்கள இல்லன்னு நெனக்கிறேன். எந்திரிச்சு டாக்டரம்மாவுக்குப் போனப் போடுங்க.”

அந்த முறை சினை நின்றது.

பேகம் கன்று போட்டதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். பனிக்குடம் உடைந்து, கமாலுதீன் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கயிறு, சோப்பு, வெந்நீர் எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு திரும்பினால் கன்று தரையில் கிடந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. கிடேரிக் கன்று, அதாவது பெண் கன்று. ஆட்டுக்குட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அவருக்கு ஒரே சமயத்தில் பெருமையும், தன் கைக்கு வேலை வரவில்லையே என்ற ஏமாற்றமும். இருந்தாலும் பெருமைதான் வென்றது. சீம்பாலைக் காய்ச்சித் தெரு முழுக்கக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் காளையின் எண்ணையும் சேர்த்துச் சொன்னார். கன்றுக்குக் குட்டி பேகம் என்று பெயர் வைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அவரைப் பிடிக்க முடியாமல் போனது. சுற்று வட்டாரத்தில் யார் மாடு பருவத்துக்கு வந்தாலும் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பார். முதலில் மாட்டிக்கொண்டவர் தங்கையன். வாஞ்சூர்ப் பக்கம் நெல்லும் உளுந்தும் போடுகிறவர், வீட்டுக்கு இரண்டு மாடு வைத்திருந்தார்.

“தங்கையண்ணே, உங்க மாட்டுக்கு ஒரு நல்ல எடம் வந்திருக்கு” என்பார் கமாலுதீன்.

“பையன் எங்க வேலை பாக்குறான் பாய்?” என்பார் தங்கையன் முகத்தை மாற்றாமல்.

தங்கையன் கிண்டல் செய்தாலும் அந்தக் காளையையே போட்டார். அவருக்கும் ஒரு கிடேரிக் கன்று, சிரமமில்லாமல். பிறகு கோட்டுச்சேரிவரை அந்தக் காளையின் பிள்ளைகள் பரவின. எல்லாம் சின்னச் சின்னதாக, லேசாகப் பிறந்தன. மாப்பிள்ளை பாய் என்ற பெயரும் அந்தக் காலத்தில்தான் நிலைத்தது.

அவருடைய மகள் நௌஷினைப் பெண் பார்க்க நாகூரிலிருந்து வந்ததும் அந்த வருஷம்தான். மாப்பிள்ளை துபாயில் கணக்காளர். பண்பான குடும்பம். பலகாரம் வந்தது, பேச்சு சுமுகமாகப் போனது. கமாலுதீன் ரொம்ப நேரம் அடக்கிக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் மாப்பிள்ளையின் உம்மாவைப் பார்த்து, “தப்பா நெனச்சுக்காதீங்க. தம்பி பொறக்கையில எடை எவ்வளவு இருந்திச்சு?” என்று கேட்டுவிட்டார்.

 மெஹர் பானு கையிலிருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மாப்பிள்ளையின் உம்மா மட்டும் சர்வசாதாரணமாக, “அத ஏன் கேக்குறீங்க, நாலு கிலோ. உசுரு போயி உசுரு வந்துச்சு” என்றார்.

கமாலுதீனின் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்து உள்ளறையிலிருந்து நௌஷின் அடக்க முடியாமல் சிரித்த சிரிப்பு கூடத்துக்குக் கேட்டது. இப்படிச் சிரிக்கிற பெண்ணை விடக்கூடாது என்று மாப்பிள்ளை அன்றே முடிவு செய்தாராம். கல்யாணம் நல்லபடியாக நடந்து அவர்கள் துபாய் போனார்கள். மாட்டுக் கணக்கை இனிமேல் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும் என்று மெஹர் பானு உத்தரவு போட்டார்.

குட்டி பேகம் வளர்ந்தது. வளர்ந்தது என்று சொல்வதற்குக் கொஞ்சம் தாராள மனசு வேண்டும். தாயின் பக்கத்தில் நிற்கும்போது கன்று மாதிரியே தெரிந்தது. ஆனால் கண்ணும் காதும் அவ்வளவு அழகு. கமாலுதீன் குரல் கேட்டால் வேலியைத் தாண்டப் பார்க்கும். அதற்கும் பருவம் வந்தபோது அவர் மனதில் புது ஆசை ஒன்று புகுந்திருந்தது. லேசான பிரசவத்தைப் பார்த்தாயிற்று. இனிப் பாலைப் பார்க்க வேண்டும். குடம் குடமாகக் கறக்கும் பரம்பரையில் வந்த, யானை மாதிரி உடம்புள்ள ஒரு காளையைக் கண்டுபிடித்து, அதன் குழலைத் தனியாரிடம் சொல்லி வரவழைத்து வைத்திருந்தார்.

மருந்தகத்துக்கு ஓட்டிவந்த கிடேரியின் இடுப்பைத் தாமரைச்செல்வி தடவிப் பார்த்தார். “உடம்பு சின்னதா இருக்கு பாய். மொதக் கன்னு வேற. ஜெர்சி போடுவோமே, கன்னு சின்னதா இருக்கும்.”

“டாக்டரம்மா, இதோட வாப்பா யாருன்னு மறந்துட்டீங்களா? சுலபமாப் பொறக்குற வம்சம். இதுக்கு எந்தக் கன்னும் சுலபமா வரும்.”

“அப்படி இல்ல பாய்...”

“எழுதி வேணாலும் தர்றேன்.”

வெளியே இன்னும் மூன்று பேர் ஆடுகளோடு காத்திருந்தார்கள். தாமரைச்செல்வி தலையை ஆட்டிக்கொண்டே ஊசியைப் போட்டார். அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் தங்கையனின் கிடேரிக்கும் அதே யானைக் காளையைக் கமாலுதீன் பேசி முடித்தார்.

குட்டி பேகத்துக்கு வலி எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. கமாலுதீன் குளித்து, வெள்ளைச் சட்டை வெள்ளைக் கைலி உடுத்தி, அத்தர் பூசி, ஜும்மாவுக்குக் கிளம்பும் நேரம். போகிற வழியில் கொட்டகையை எட்டிப் பார்த்தார். இரண்டு குளம்புகள் வெளியே தெரிந்தன. அந்தக் குளம்புகளின் பருமனைப் பார்த்ததும் கன்று பெரிது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பாலைவனத்தில் அந்த மாதிரிக் குளம்புகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். தொழுகைக்கு வர முடியாது என்று தெருவில் போன ஒருவரிடம் கத்திச் சொல்லிவிட்டு, தாமரைச்செல்விக்குப் போன் செய்தார். 

“வந்துக்கிட்டே இருக்கேன் பாய். நான் வர்ற வரைக்கும் இழுக்காதீங்க.”

அவர் இழுக்கவில்லை. கிடேரியின் தலையைப் பிடித்துக்கொண்டு துஆ ஓதினார். பக்கத்து வயலிலிருந்து தங்கையன் ஓடிவந்தார். தாமரைச்செல்வி வந்ததும் கையை உள்ளே விட்டுப் பார்த்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, எண்ணெய் தடவி, கன்றின் முன்கால்களில் கயிற்றை மாட்டினார்.

“தல சரியாத்தான் இருக்கு. எலும்புதான் எடம் கொடுக்க மாட்டேங்குது. ஒரு கால இழுத்துட்டு அப்புறம் மறு கால. தோள் ஒண்ணொண்ணா வரணும். அது முக்கையில மட்டும் இழுங்க. உங்களுக்குத் தெரியாததா!”

தெரிந்ததுதான். சவுதியில் எத்தனையோ மாடுகளுக்குக் கை நடுங்காமல் செய்தவர்தான். இங்கே கயிறு அவர் கையிலிருந்து இரண்டு தடவை நழுவியது. தங்கையன் அவரை ஒதுக்கிவிட்டுத் தானே பிடித்தார். “நீங்க நேரத்த மட்டும் சொல்லுங்க பாய், நான் இழுக்குறேன்.” கமாலுதீன், இப்போ, விடுங்க, இப்போ என்று சொல்லிக்கொண்டிருந்தார். குட்டி பேகம் கத்துவதை நிறுத்திவிட்டிருந்தது. கத்துவதைவிட அது பயமாக இருந்தது.

கன்று வந்தது. மூச்சில்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். தாமரைச்செல்வி வாயையும் மூக்கையும் துடைத்து, வைக்கோலால் மூக்கைக் கிளறி, விலாவில் தேய்க்கத் தேய்க்க ஒரு தும்மல் போட்டது. பெரிய கன்று. தாயில் பாதி இருக்கும் போல. காளைக்கன்று. பாலுக்காக இத்தனையும் செய்தவருக்கு அதைச் சொல்லிக்காட்ட அப்போது யாருக்கும் மனம் வரவில்லை.

ஆனால் தாய் எழுந்திருக்கவில்லை. எழ முயன்றபோது பின்னங்கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக வழுக்கிப் போயின. கன்று வரும்போது உள்ளே நரம்பு நசுங்கியிருக்கிறது, சில நாளில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் தாமரைச்செல்வி. கால்கள் விரிந்துவிடாமல் இரண்டையும் துணியால் தளர்வாகக் கட்டினார். வழுக்காத தரை வேண்டும் என்றதும் தங்கையன் போய் ஆற்று மணல் கொண்டுவந்து கொட்டினார். எல்லாம் முடிந்து கைகழுவும்போது கமாலுதீனின் வெள்ளை உடுப்பில் வெள்ளை என்று ஒன்றும் மிச்சமில்லை.

“குட்டி பேகத்தோட வாப்பா நல்ல காளைதானே டாக்டரம்மா? நான் எண்ணப் பாத்துத்தானே போட்டேன்?”

தாமரைச்செல்வி கோபப்படவில்லை. மணலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“காளைக்கு ரெண்டு எண்ணு உண்டு பாய். ஒண்ணு, அதோட கன்னு எவ்வளவு லேசா வெளிய வரும்ங்கிறது. அதத்தான் நீங்க பாத்தீங்க. இன்னொண்ணு, அதோட பொண்ணு வளந்து எவ்வளவு லேசாக் கன்னு போடும்ங்கிறது. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும்னு இல்ல. சில காளைங்க கிட்ட நேர் எதிரா இருக்கும். சின்னதாப் பொறக்குறது சின்னதாவே வளரும். இடுப்பும் குறுகலா வரும். கன்னாப் பொறக்கையில அது நல்லது. தாயா ஆகையில அதுவே கெடுதல்.” கொஞ்சம் நிறுத்தினார். “அன்னைக்கே பிடிவாதமா நின்னு சொல்லியிருக்கணும். ஆள் காத்துக்கிட்டிருந்தாங்க, விட்டுட்டேன்.”

கமாலுதீன் கைப்பேசியில் அந்த முதல் காளையின் விவரப் பக்கத்தைத் திறந்தார். அவர் பார்த்துப் பெருமைப்பட்ட எண்ணுக்கு நேர் கீழேயே இரண்டாவது எண்ணும் இருந்தது. அது நன்றாக இல்லை. இத்தனை வருஷமும் அதைத் தாண்டித்தான் அவர் விரல் போய் வந்திருக்கிறது. சவுதியிலும் அது இருந்திருக்கும். ஆனால் அங்கே எந்த மாடு எந்தக் காளையின் மகள் என்பது அலுவலகத்துக்காரர்கள் சமாசாரம். கொட்டகையில் நின்றவருக்கு வெளியே வருகிற கன்றைத்தான் தெரியும்.

அடுத்த நாட்களில் அவர் மணலிலேயே கிடந்தார். மாடு ஒரே பக்கமாகக் கிடந்தால் சதை செத்துவிடும் என்று ஆளை வைத்து அதை அடிக்கடி புரட்டிவிட்டார். கன்றுக்கு அதன் பாலைப் பீய்ச்சி ஊட்டினார். மாட்டுக்குப் பயந்த மெஹர் பானு வேலியைத் தாண்டி முதன்முதலாக உள்ளே வந்தது அப்போதுதான். கணவருக்குச் சோறு கொண்டுவந்தவர், குட்டி பேகம் கழுத்தை நீட்டிப் பார்த்ததும் நின்றார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தட்டிலிருந்த வாழைப்பழத்தை உரித்து நீட்டினார். அது நாக்கால் அவர் கையை வழித்தது. “யா அல்லா, மணல்தாள் மாதிரி இருக்கு!” என்று கத்தினார். கையை மட்டும் எடுக்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலைப்பொழுதில் குட்டி பேகம் தானாகவே எழுந்து நின்றது. ஆடியது, சாய்ந்தது, மறுபடி நின்றது. கமாலுதீன் மணலிலிருந்து எழுந்து அதன் கழுத்தைத் தடவினார். பக்கத்திலிருந்த மெஹர் பானு, “இனிமே இதுக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்றார்.

அன்று மத்தியானமே கமாலுதீன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். அந்த முதல் காளைக்குப் பிறந்த கிடேரிகள் இருக்கிற வீடு ஒன்று விடாமல் போனார். நான் பாதிதான் படித்தேன், மீதியைப் படிக்கவில்லை, உங்கள் கிடேரிக்குப் பெரிய காளை போடாதீர்கள், ஜெர்சி போடுங்கள், நன்றாக வளர்ந்து எடை வரும்வரை பொறுங்கள் என்றார். சிலர் டீ கொடுத்தார்கள். சிலர் சிரித்தார்கள். “சம்பந்தம் முடிச்சுட்டு இப்ப வந்து மாப்பிள்ளை வீட்டப் பத்திக் குறை சொல்றீங்களே பாய்” என்றார் ஒருவர். அவர் அதற்கும் தலையாட்டினார்.

கடைசியாக வைத்திருந்தது தங்கையன் வீடு. காரணம் எல்லோருக்கும் தெரியும். தங்கையனின் கிடேரி அப்போது நிறைசினை, அதுவும் அதே யானைக் காளைக்கு.

“நீங்க சொல்லவே வேணாம் பாய். கயித்தப் புடிச்சவன் நான்தானே” என்றார் தங்கையன். அவர் குரலில் அன்று கிண்டல் இல்லை. “என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க.”

தாமரைச்செல்வி வந்து பார்த்து, கடைசி மாதங்களில் தாயைக் கொழுக்க விடாதீர்கள், தீவனத்தை அளவாகக் கொடுங்கள் என்று சொன்னார். கமாலுதீன் தினமும் வந்து தீவனத் தொட்டியை எட்டிப் பார்த்தார். தங்கையனின் மனைவி இரக்கப்பட்டு ஒரு பிடி தவிடு கூடப் போட்டுவிடக் கூடாது என்று காவல் காத்தார். ஒரு நாள் போனால் அந்த அம்மாள், “பாய், மாட்டுக்குத்தான் அளவு. நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டு உட்காரவைத்துச் சோறு போட்டார்.

நாள் நெருங்கியபோது கயிறு, எண்ணெய், மணல் எல்லாம் தயாராக இருந்தன. தாமரைச்செல்வி வேறு எங்கேயும் தூரமாகப் போகாமல் இருந்தார். அன்று காலை தங்கையன் வயலுக்கு மடை பார்க்கப் போனார். கமாலுதீன் இதோ ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ஹமீது கடைக்குப் போனார். இருவரும் திரும்பியபோது கன்று எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. கிடேரிக் கன்று, நல்ல பருமன். தாய் ஒன்றுமே நடக்காதது போல வைக்கோல் மென்றது.

சொல்லி அனுப்பியதும் தாமரைச்செல்வியும் வந்து பார்த்தார்.

“உங்க ரெண்டாவது எண்ணு எம்மாட்டுக்குத் தெரியாது போல பாய்” என்றார் தங்கையன்.

“எண்ணு நூறு பொண்ணுங்களப் பத்திச் சொல்றது. இது ஒரு பொண்ணு” என்றார் தாமரைச்செல்வி. “அம்மாவோட இடுப்பு இதுக்கு வந்திருக்கு. தங்கையண்ணன் வீட்டு மாடு அகலமான மாடு.”

கமாலுதீன் அதற்குள் கன்றின் வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு, “இதுக்கு ஒரு நல்ல எடம்...” என்று வாயெடுத்தார். தங்கையன் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு கோட்டுச்சேரியில் கால்நடை முகாம் ஒன்று நடந்தது. தாமரைச்செல்வி அவரைப் பேசக் கூப்பிட்டார். பண்ணையில் எல்லாவற்றையும் பார்த்தவர் என்பதற்காக மட்டும் இல்லை, தவறு செய்ததை வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் என்பதற்காக என்றார். கமாலுதீன் கோட் போட்டுக்கொண்டு வந்தார். மெஹர் பானு ஒரு டையும் வாங்கிக் கட்டிவிட்டிருந்தார். முதல் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் முகாமுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. கூட்டம் தாது உப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கலைந்தது.

குஞ்சம்மா என்ற பெண்மணி மட்டும் அவரிடம் வந்தார். ஒரே ஒரு கிடேரி வைத்திருக்கிறார், அடுத்த மாதம் ஊசி போட வேண்டும். “அந்த ரெண்டாவது எண்ணு என்னன்னு சொல்லவே இல்லியே பாய்?”

கமாலுதீனுக்கு முகம் மலர்ந்தது. ஆரம்பித்தார். காளையின் கன்று என்பது வேறு, காளையின் மகள் என்பது வேறு என்பதுவரை வந்தபோது காரைக்கால் பஸ் வந்துவிட்டது. குஞ்சம்மா, அப்புறம் கேட்டுக்கிறேன் பாய் என்று பஸ்ஸில் ஏறினார். கமாலுதீனும் பின்னாலேயே ஏறி, முன் இருக்கையில் சாய்ந்து பின்னால் திரும்பி நின்று, இடுப்பெலும்பின் அகலத்தை இரண்டு கைகளாலும் காட்டிக்கொண்டே போனார். அவருடைய மோட்டார் சைக்கிள் முகாம் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றது. பஸ் காரைக்கால் வந்து சேர்ந்தபோது குஞ்சம்மாவுக்கு இரண்டு எண்ணும் மனப்பாடமாகியிருந்தது. டிக்கெட் போட வந்த கண்டக்டருக்கும்தான்.